அதியமான் மண்ணில் மேளம் கற்க எந்தப் புத்தகம்?

சேலத்தில் இருந்து தருமபுரி போகும் பஸ், தொப்பூர் கணவாயில் மூச்சு வாங்கி ஏறுகிறது. இரண்டு பக்கமும் பாறையும் முட்புதரும். லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மேடு முடிந்ததும் காற்று மாறுகிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவருக்குப் புளியமரங்கள் தெரியும். அடுத்து கேழ்வரகுக் கொல்லை, தக்காளித் தோட்டம், மாந்தோப்பு. கொஞ்ச தூரத்தில் நல்லம்பள்ளி வந்துவிடும். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே விரைகிற கார்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. சுற்றுவட்டக் கிராமங்களுக்கோ அதுதான் தாலுகா ஆபீஸ், ஒன்றிய ஆபீஸ், சந்தை எல்லாம்.

சந்தை நாளில் வந்தால் ஊர் வேறு மாதிரி இருக்கும். ஆடுகளோடு வந்தவர்கள், ஆடு வாங்க வந்தவர்கள், துண்டுக்குள் விரல் விட்டு விலை பேசுகிறவர்கள். இந்த ஆடுகளில் பல, ஏதோ ஒரு கிராமத்து அம்மன் கோயில் வாசலில் முடியப்போகிறவை. அந்த வாசலில் அதற்கு முன்பே ஒரு சத்தம் போய்ச் சேர்ந்திருக்கும். பம்பைச் சத்தம். அல்லது பறைச் சத்தம்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புதுக் கேள்வி வந்திருக்கிறது. “நான் நல்லா அடிக்கக் கத்துக்கணும். எந்தப் புத்தகம் வாங்கலாம்?” தாத்தா காலத்தில் யாரும் கேட்டிருக்க முடியாத கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போவதற்கு முன்னால், இதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி, 2000 வருடப் பழைய மேளம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

காற்று அடித்த தண்ணுமை

நல்லம்பள்ளி தாண்டி தருமபுரி நோக்கிப் போனால் அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றும் கூட்டம் காலபைரவர் கோயிலைச் சுற்றி அலைமோதும். பைரவர் கையிலும் ஓர் உடுக்கை உண்டு என்பதை வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானை நினைவூட்டும் அதியமான் கோட்டமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த நாட்டின் பெயர் தகடூர்.

நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். தண்ணுமைக் கதை அவ்வளவாகத் தெரியாது. புறநானூற்றின் 89-வது பாட்டு ஔவை பாடியது. படை வைத்திருக்கும் ஓர் அரசன் அவரிடம், “உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறார்களா?” என்று கேட்கிறான். ஔவை சொல்லும் பதிலின் சாரம் இது: அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பு மாதிரி இளைஞர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அதோடு, ஊர்ப் பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி ஒலி எழுந்தால்கூட, “போர் வந்துவிட்டதா!” என்று எழுகிற என் தலைவனும் இருக்கிறான்.

ஊருக்குப் பொதுவாக ஒரு மேளம் தொங்குகிறது. இழுத்துக் கட்டிய தோல். காற்று பட்டாலே பேசுகிறது. அப்படியென்றால் அதன் வாரைத் தளராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்திருக்க வேண்டும். எந்த அடிக்கு என்ன பொருள் என்று ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரே பாட்டில் ஒரு நாட்டின் மேளப் பழக்கமே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு புறநானூற்றுப் பாட்டும் மேளத்தால் புகழ் பெற்றது, 50-வது பாட்டு. மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில், அரசனின் முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிடுகிறார். முரசு கட்டிலில் ஏறினால் வாளுக்கு இரையாக வேண்டியதுதான். நீராட்டி முடிந்து முரசு திரும்பி வருகிறது. அரசனோ புலவரை எழுப்பாமல் விசிறி எடுத்து வீசுகிறான். அந்தச் சேர அரசனின் பெயர் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. அதாவது, அதியமானின் இதே தகடூரை வென்றவன். தோற்ற நாட்டின் கதையிலும் மேளம், வென்ற அரசனின் கதையிலும் மேளம்!

அந்தப் போரைப் பற்றி ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு தனி நூலே இருந்தது. இன்று அது முழுதாக இல்லை. பிற்காலத் தொகுப்புகளும் உரைகளும் எடுத்துவைத்த சில பாட்டுகள்தான் மிச்சம். எழுதியதுகூட, படி எடுக்க ஆள் இல்லாவிட்டால் போய்விடும் என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. எழுதவே எழுதாத தாளங்களின் கதி என்ன?

இந்தப் பக்கம் கேட்கிற மேளங்கள்

நல்லம்பள்ளி வட்டாரத்தில் ஒரு வருடம் முழுக்கக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இருந்தால் குறைந்தது நான்கு வகை மேளக்கலை கேட்கும்.

முதலாவது பம்பை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் பக்கத்து அம்மன் கோயில்களின் உயிர் அது. இரண்டு மேளங்களைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டியிருப்பார்கள். ஒன்று மரம், இன்னொன்று பித்தளை. கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. ஆடி மாதம் வந்துவிட்டால் இந்தக் கலைஞர்களுக்குத் தூக்கம் கிடையாது.

இரண்டாவது பறை. தப்பு என்றும் சொல்வார்கள். மரச்சட்டத்தில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிச் செய்வது. புளிக்குப் பேர் போன மாவட்டத்தில் பசைக்குப் பஞ்சமில்லை. வாசிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள்.

மூன்றாவது தெருக்கூத்து மிருதங்கம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடி, கடைசியில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துகிற வழக்கம் இந்த மாவட்டங்களில் உயிரோடு இருக்கிறது. அங்கே ஆர்மோனியத்தோடும் முகவீணையோடும் மிருதங்கம் பேசும். கச்சேரி மிருதங்கத்தின் அடக்கம் அதற்கு இல்லை. கட்டை கட்டிய வேஷக்காரர் திரைக்குப் பின்னால் காலை உதறும்போதே அவர் யார் என்று தாளம் சொல்லிவிடும்.

நான்காவது, கல்யாணம், கோயில் விசேஷங்களில் நாதஸ்வரத்தோடு வரும் தவில். இப்போது இவற்றோடு இசைக்குழுக்களின் டிரம்ஸும் சேர்ந்துகொண்டது.

இந்த நான்கையும் ஒரே புத்தகம் கற்றுத்தராது. கடைக்குப் போகும் பெற்றோர் செய்யும் முதல் தவறு இங்கேதான். “மேளம் கத்துக்க ஒரு புக் குடுங்க” என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். குச்சியால் அடிப்பதற்கும் விரலால் வாசிப்பதற்கும் தசையே வேறு. எந்தக் கருவி என்று முடிவு செய்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும்.

மிருதங்கத்துக்குப் புத்தகம் வந்த கதை

தமிழ் மேளங்களில் அதிகம் எழுதப்பட்டது மிருதங்கம்தான். அந்தப் புத்தகங்கள் எங்கே, ஏன் எழுதப்பட்டன என்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். கச்சேரி மேடையில் மற்றவர்கள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியிருக்கும். அதனாலேயே சில சங்கடங்களைச் சந்தித்தவர். புதுக்கோட்டை வழியின் பெருமை அவர். அவருடைய சீடர்களில் இருவர் கடல் கடந்தார்கள். நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி டி.ரங்கநாதன் 1963-ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்றுத்தரப் போனார். திருச்சி சங்கரன் 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே வகுப்பு முடிந்ததும் மாணவர் வீட்டுக்குப் போய்விடுவார். குருவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேட்க வழியில்லை. எனவே எழுத வேண்டியதாயிற்று. ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் ‘சொற்கட்டு மேனுவல்’ என்ற ஆங்கில நூலை 2008-ல் வெளியிட்டார். மேளமே இல்லாமல் வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு லயத்தைக் கற்கும் முறை அது. வீடியோ பாடங்களும் உண்டு. திருச்சி சங்கரன் தென்னிந்திய மேள வாசிப்பின் இலக்கணத்தையும் செய்முறையையும் 1994-ல் ஆங்கில நூலாக்கினார். இங்கே சென்னையில், கடம் விக்கு விநாயக்ராமின் தந்தை டி.ஆர்.ஹரிஹர சர்மா 1969-லேயே மிருதங்கக் கலைக்கு ஒரு செய்முறை வழிகாட்டி எழுதியிருந்தார்.

குரு தூரமாகும்போதுதான் புத்தகம் பிறக்கிறது. நல்லம்பள்ளிக்கும் இப்போது அந்த நிலைமை வந்திருக்கிறது. ஆசான் இங்கேதான் இருக்கிறார். அவருடைய பேரன்தான் பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்கிறான். பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது கிடைக்கும் நான்கு நாட்களில் எத்தனை அடிகளைக் கற்க முடியும்?

பறைக்கு ஏன் புத்தகம் குறைவு?

பறையைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. முனைவர் மு.வளர்மதியின் ‘பறை’ ஆய்வு நூல் அந்த வகையில் முக்கியமானது. கருவியின் வரலாறு, சமூகம், இலக்கியச் சான்று எல்லாம் அத்தகைய நூல்களில் கிடைக்கும். ஆனால், ‘இன்று இந்த அடி, நாளை அந்த அடி’ என்று கையைப் பிடித்து நடத்தும் பாடநூல்கள், மிருதங்கத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

காரணம் கலையில் இல்லை. ஒத்தையடி, டப்பா அடி, பாடம் அடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று அடிகளுக்குப் பெயர் வைத்து, சந்தர்ப்பம் பிரித்து வைத்திருக்கும் கலை இது. ஒரு பாடத்திட்டத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. அதை அடித்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டது. சாவு வீட்டுக்கு அடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டது. கூலி கேட்டால் அடி விழுந்த காலமும் உண்டு. “இந்தக் குச்சி என்னோடு போகட்டும்” என்று பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுப் பறையைப் பரணில் போட்ட தகப்பன்மார் பலர். அவர்கள் மேல் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மானத்துக்காகக் குச்சியைக் கீழே வைத்தவர்கள் அவர்கள்.

அதே பறையைக் கலையாகத் தலைநிமிர்ந்து எடுத்தவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. மணிமாறனின் புத்தர் கலைக்குழுவும், கோவையின் நிமிர்வு கலையகமும் சாதி பார்க்காமல் பயிற்சி கொடுக்கின்றன. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவால், வீட்டில் யாருமே மேளம் தொடாத பிள்ளைகளும் “பறை கத்துக்கணும்” என்று கேட்கிறார்கள்.

ஆக, பரணில் இருந்து பறை இறங்கிவிட்டது. அதை எப்படி அடிப்பது என்று தெரிந்த கைகளுக்குத்தான் வயதாகிக்கொண்டு இருக்கிறது.

வெளிநாட்டுப் புத்தகம் உதவுமா?

உதவும். எவ்வளவு தூரம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மேலை நாட்டு டிரம்ஸ்காரர்கள் வேதம் மாதிரி வைத்திருக்கும் புத்தகம் ‘ஸ்டிக் கன்ட்ரோல்’. ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-ல் எழுதியது. 90 வருடம் ஆகியும் விற்கிறது. முதல் 3 பக்கங்களில் 72 பயிற்சிகள். ஒவ்வொன்றையும் 20 முறை நிறுத்தாமல் அடிக்கச் சொல்கிறது. எந்தக் கை என்று இரண்டே எழுத்துகளில் சொல்லிவிடும். தமிழில் எழுதினால் வலதுக்கு ‘வ’, இடதுக்கு ‘இ’. உதாரணமாக, டிரம்ஸ் உலகில் எல்லோரும் பழகும் ஓர் அடிப்படை அடி: வ இ வ வ – இ வ இ இ. இங்கிலீஷ் தெரியாத பிள்ளையும் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். கை ஓயாமல் இருப்பதற்கும், இடது கை வலுப்பதற்கும் இது நல்ல மருந்து. 1948-ல் வந்த ஜிம் சேப்பினின் நூலும், 1958-ல் வந்த டெட் ரீடின் ‘சின்கோபேஷன்’ நூலும் அடுத்த கட்டம். முன்னது கையும் காலும் தனித்தனியாக ஓடப் பழக்கும். பின்னது தாளத்தின் நடுவே தள்ளி விழும் அடிகளைப் பழக்கும். டிரம்ஸ் செட் வாசிக்கிறவர்களுக்கு இவை நேரடியாகப் பயன்படும்.

பறை அடிக்கிறவர் இவற்றை அப்படியே விழுங்கக் கூடாது. டிரம்ஸில் இரண்டு குச்சியும் ஒரே அளவு. இரண்டு கையும் ஒரே வேலை செய்யப் பழக வேண்டும். பறையில் வலது கையில் பூவரசில் செய்த குட்டையான அடிக்குச்சி. இடது கையில் மூங்கிலில் சீவிய நீளமான சிண்டுக்குச்சி. ஒன்று அடி எடுக்கும், இன்னொன்று மேலே சிணுங்கும். சேர்ந்து விழுந்தால் வேறு ஒலி. இரண்டையும் சமமாக்கிவிட்டால் பறையின் பேச்சே போய்விடும். ஆகவே மணிக்கட்டுக்கு வெளிநாட்டுப் பயிற்சி, ஒலிக்கு உள்ளூர் ஆசான் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கடையில் நின்று கேட்க வேண்டிய 6 கேள்விகள்

புத்தகத்தின் அட்டையைப் பார்க்க வேண்டாம். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. சொல்லுக்குப் பக்கத்தில் கை இருக்கிறதா? ‘தா, தி, தொம், நம்’ என்று வெறும் சொற்களை அடுக்கினால் போதாது. எந்தச் சொல்லுக்கு எந்த விரல், வலந்தலையா இடந்தலையா, ஓரத்திலா நடுவிலா என்று படத்தோடு சொல்ல வேண்டும். இது இல்லாத புத்தகம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும்.

2. தாளக் குறி போட்டிருக்கிறதா? ஆதி தாளம் என்றால் 4, 2, 2 என்று மொத்தம் 8 எண்ணிக்கை. பாடத்தின் ஒவ்வொரு வரியும் அந்த 8-ல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் வரும், நிதானம் வராது.

3. பாடங்கள் படியாக ஏறுகின்றனவா? முதலில் 4 எண்ணிக்கைச் சதுஸ்ரம். அது கைக்கு வந்த பிறகு 3-ஆன திஸ்ரம். அப்புறம் 5, 7, 9. பத்தாம் பக்கத்திலேயே மோராவும் கோர்வையும் வந்துவிட்டால் அது பிள்ளைகளுக்கான புத்தகம் இல்லை. அது மேடை ஏறத் தயாராக இருப்பவருக்கானது.

4. எந்த வழி? தஞ்சாவூர் வழிக்கும் புதுக்கோட்டை வழிக்கும் விரல் வைப்பதிலேயே வித்தியாசம் உண்டு. நீங்கள் கற்கும் ஆசானின் வழியும் புத்தகத்தின் வழியும் மோதினால் பிள்ளைக்குத்தான் குழப்பம். வாங்குவதற்கு முன் ஆசானிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

5. கேட்க வழி இருக்கிறதா? ‘நம்’ என்ற ஒலி எப்படி இருக்கும் என்று எந்த மையாலும் எழுத முடியாது. ஆடியோ அல்லது வீடியோ இணைப்பு உள்ள புத்தகம் ஒரு படி மேல்.

6. உட்காருவது, பிடிப்பது பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா? தவறான பிடியில் வருடக்கணக்கில் அடித்தால் மணிக்கட்டும் தோளும் போய்விடும். இடது கைக்காரப் பிள்ளையை மாற்றி உட்காரச் சொல்லாதீர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரராகவே ஜெயித்தவர்.

ஆறில் நான்குக்கு ‘ஆமாம்’ வந்தால் வாங்கலாம். ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் வாங்க வேண்டாம். ஒன்றை முடிக்க ஒரு வருடம் ஆகும்.

இன்னொரு நூலும் வீட்டில் இருக்கலாம். அது பயிற்சிப் புத்தகம் இல்லை. டி.எம்.கிருஷ்ணா 2020-ல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’. மிருதங்கம் செய்கிறவர்களின் வரலாறு. தோலை உரித்து, பதப்படுத்தி, பலா மரத்தில் வார் இழுத்துக் கட்டி, வித்வானின் காதுக்கு ஏற்ற ஒலியைக் கொண்டுவந்த கைவினைஞர்களின் பெயரை மேடை சொன்னதே இல்லை என்று அது பேசுகிறது. தமிழிலும் காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. மேளத்தை வாங்கித்தரும் பெற்றோர், அதைச் செய்தவரையும் பிள்ளைக்கு அறிமுகப்படுத்த இந்த நூல் உதவும்.

எங்கே தேடலாம்?

தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் இசைப் பிரிவை ஒருமுறை புரட்டலாம். தகடூர் புத்தகப் பேரவை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நடத்தும் தருமபுரி புத்தகத் திருவிழாவில் பல பதிப்பகங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கே புத்தகத்தைத் திறந்து பார்த்து வாங்கலாம் என்பது பெரிய வசதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய இசை நூல்கள் பல காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடியார்க்கு நல்லார் உரையோடு தேடிப் பாருங்கள். தண்ணுமை ஆசிரியருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அங்கே படிக்கலாம். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை என்று உரையாசிரியர் தரும் தோல் கருவிப் பட்டியல் நீளும்.

முறையாகக் கற்க, நல்லம்பள்ளிக்கு இரண்டு பக்கமும், அதாவது சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும், மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. மிருதங்கம், தவில் போன்றவற்றுக்கு அங்கே மூன்று வருடப் படிப்பு உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரிக்கலாம். பம்பையும் கூத்து மிருதங்கமும் கற்க வேண்டும் என்றால், அதற்கு இசைப்பள்ளி கோயில் வாசல்தான். திருவிழா முடிந்து கலைஞர்கள் டீ குடிக்கும் நேரத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். “ஐயா, எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?” என்று மரியாதையாகக் கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்கிறவர் அபூர்வம். வெற்றிலை பாக்கோடு தட்சிணையும் வைக்க வேண்டும். கலையை இலவசமாகக் கேட்கும் பழக்கத்தால்தான் பலர் குச்சியைக் கீழே வைத்தார்கள்.

வீட்டில் பயிற்சி

புத்தகத்தை வாங்கிவிட்டு அலமாரியில் வைப்பவர்களே அதிகம். அதைத் தடுக்க ஒரு சின்ன ஒழுங்கு போதும். தினமும் 20 நிமிடம். முதல் 5 நிமிடம் மேளத்தைத் தொடாமல் வாயால் சொல்லி, கையால் தாளம் போட வேண்டும். வாயில் வராதது கையில் வராது. அடுத்த 10 நிமிடம் புத்தகத்தின் ஒரே ஒரு வரி. செல்போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி, நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்துத் தொடங்கலாம். ஒரு தவறும் இல்லாமல் 20 முறை வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். கடைசி 5 நிமிடம் பிள்ளையின் இஷ்டம். பிடித்த சினிமாப் பாட்டுக்கு அடிக்கட்டும்.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறாரா? மரப்பலகை மேல் பழைய ரப்பர் டியூபை இழுத்துக் கட்டினால் குச்சிப் பயிற்சிக்கு அது போதும். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

யாரும் எழுதாத புத்தகம்

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும்.

நல்லம்பள்ளி வட்டாரத்தின் பம்பை அடியும், பறை அடியும், கூத்து அடவுக்கான தாளமும் எந்தக் கடையிலும் அச்சில் கிடைக்காது. ஊருக்கு ஊர் அடி மாறும். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு அடி இருக்கும். அவற்றை எழுத வேண்டியவர்கள், அடுத்த முறை ஆசான் முன்னால் உட்காரப்போகும் பிள்ளைகள்தான்.

எழுதும் முறை சுலபம். பக்கத்தின் மேலே அடியின் பெயர், ஊர், சொல்லிக்கொடுத்தவர் பெயர், தேதி. கீழே 8 கட்டங்கள் போட்ட வரி. கட்டத்துக்குள் ஆசான் சொல்லும் சொல். அதற்குக் கீழே வ, இ என்று கை. இரண்டும் சேர்ந்து விழும் இடத்தில் ஒரு வட்டம். ஓரத்தில், இந்த அடி எப்போது அடிப்பது, எப்போது அடிக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு. சாமி அழைக்கும் அடியை விளையாட்டுக்கு அடிக்கக் கூடாது என்று ஆசான் சொன்னால், அதையும் எழுத வேண்டும். அவர் அனுமதித்தால் செல்போனில் கையை மட்டும் பக்கத்தில் இருந்து படம் எடுங்கள். வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று. பேத்தியோ பேரனோ பெங்களூர் அறையில் உட்கார்ந்து பழகும்போது அந்த நோட்டும் அந்த வீடியோவும்தான் ஆசான்.

இதில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் பெயரை விடக் கூடாது. மேளத்தைச் செய்தவர் பெயரும் அடித்தவர் பெயரும் இதுவரை விட்டுப்போனது போதும்.

சாயங்காலம் நல்லம்பள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது லாரி ஹாரன்களுக்கு நடுவே எங்கோ தூரத்தில் மேளச் சத்தம் கேட்கலாம். அம்மன் கோயில் சாட்டாக இருக்கலாம், சாவு வீடாக இருக்கலாம், பள்ளிக்கூடப் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அதியமான் காலத்து ஊருக்கு, அடியைக் கேட்டவுடனே எது என்று தெரிந்திருக்கும். இப்போது பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களில் ஓரிரு பெரியவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அவர்களிடம், “தாத்தா, இது என்ன அடி?” என்று கேட்டால் போதும். நோட்டின் முதல் பக்கத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.